நாற்பது சதவீதம் வரும்வரை மருந்து காத்திருக்காது

இந்தப் பத்தியில் நாம் வழக்கமாகப் பேசுவது சுடுகாட்டுப் பாதை, பஞ்சமி நிலம், தேநீர்க் கடைப் பாகுபாடு, கல்வி உதவித்தொகை. இந்த வாரம் ஒரு நோயைப் பற்றிப் பேசுவோம். அதன் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மருத்துவர்கள் சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். எருமப்பட்டி, பவித்திரம், வரகூர் பக்கத்துக் காலனிகளில் இந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலோருக்குத் தெரியாது. அறிகுறியைச் சொன்னால் யாராவது ஒருவருக்குத் தன் சின்னம்மாவோ, அக்காவோ நினைவுக்கு வரக்கூடும்.

சாதிக்கும் இந்த நோய்க்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்கலாம். நோய்க்கு எந்தத் தொடர்பும் இல்லை. அது யாருக்கும் வரும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க எத்தனை மாதம் ஆகிறது, கண்டுபிடித்த பிறகு மருந்தை எத்தனை ஆண்டு தொடர முடிகிறது என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அங்கேதான் சாதியும் கூலியும் உள்ளே வருகின்றன.

வந்து போகும் நோய்

மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல நம் நரம்புகளின் மேலும் ஓர் உறை இருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்கள், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள அந்த உறையையே பகை என்று எண்ணித் தாக்குவதுதான் எம்.எஸ். உறை சிதைந்த இடத்தில் மூளை அனுப்பும் சேதி தடுமாறும். பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ 1868-இல் இதைத் தனி நோயாக விவரித்தார். இது தொற்றுநோய் அல்ல. செய்வினையோ, முன்வினையோ அல்ல. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. அதாவது குடும்பத்தில் அதிகம் உழைக்கிற வயதில், அதிகம் உழைக்கிற ஆளைப் பிடிக்கிற நோய்.

ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கும். இடுப்புக்குக் கீழே மதமதவென்று மரத்துப்போகும். நெஞ்சைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கியதுபோல் இருக்கும். கால் இழுக்கும், செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாது. சிறுநீரை அடக்க முடியாது. பெரிய வேலை எதுவும் செய்யாமலே உடம்பு அசந்துபோகும். எல்லோருக்கும் எல்லாமும் வருவதில்லை. ஒருவருக்குக் கண்ணில் தொடங்கும், இன்னொருவருக்குக் காலில்.

இந்த நோயின் பெரிய சூது, அது வந்து போவதுதான். பெரும்பாலோருக்கு முதல் தாக்குதல் சில வாரங்களில் தானாகவே தணிகிறது. அந்த வாரங்களில் கடைசியாக எதைச் செய்தோமோ, பெயர் அதற்குப் போய்விடும். மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால் கயிறு குணமாக்கியதாக நம்புவோம். நாட்டு வைத்தியர் எண்ணெய் கொடுத்திருந்தால் எண்ணெய். ஒரு சத்து ஊசி போட்டிருந்தால் அந்த ஊசி. ஆறு மாதமோ, இரண்டு ஆண்டோ கழித்து அடுத்த தாக்குதல் வரும். இந்த முறை போன பலம் முழுதாகத் திரும்பாது. கயிறும் எண்ணெயும் இப்படித்தான் ஆண்டுகளைத் தின்றுவிடுகின்றன.

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. உடம்புச் சூடு ஏறினால் எம்.எஸ். உள்ளவர்களின் அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். உடம்பு குளிர்ந்தால் குறையும். சித்திரை வெயிலில் வெங்காயம் பிடுங்கும் பெண்ணுக்கு மதியம் கால் துவண்டு, மாலையில் நிழலில் உட்கார்ந்ததும் சரியானால், தோட்டக்காரர் என்ன சொல்வார்? ‘வேலைக்குக் கள்ளம்’ என்பார். மாமியாரும் அதையே சொல்லக்கூடும். நம் பெண்களின் அசதியை நோயாகப் பார்க்கும் வழக்கம் இந்த ஊர்களில் இன்னும் வரவில்லை. கூலிக்காரியின் அசதி என்றால் அது சோம்பல் என்பதே இங்கு பழைய தீர்ப்பு.

எருமப்பட்டியிலிருந்து எத்தனை பஸ்

எருமப்பட்டி ஒன்றியத்துக் காலனி ஒன்றில் முப்பது வயதுப் பெண்ணுக்கு இந்த நோய் வருகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைட்டமின் மாத்திரை கிடைக்கும். அங்கிருக்கும் மருத்துவரைக் குறை சொல்ல முடியாது; அவர் தன் பணிக்காலத்தில் ஓர் எம்.எஸ். நோயாளியைக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். துறையூர் சாலையில் பஸ் ஏறினால் சுமார் இருபது கிலோமீட்டரில் நாமக்கல். அரசு சாதாரண நகரப் பேருந்து வந்தால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2021 மே மாதம் வந்த அந்தத் திட்டம் நோயாளிப் பெண்களுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை மருத்துவமனை வாசலில் நின்று பார்த்தால் தெரியும். நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. அதற்கு முன் சேலத்துக்கோ, சென்னைக்கோ போக வேண்டியிருந்த எத்தனையோ பேருக்கு அது பெரிய மாற்றம்.

ஆனால் எம்.எஸ். என்று உறுதி செய்ய நரம்பியல் மருத்துவர் வேண்டும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும். சிலருக்கு முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஸ்கேனுக்கு ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் என்று போகும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அனுப்பினால் நாமக்கல்லிலிருந்து இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பஸ்ஸுக்குக் கட்டணம் உண்டு. கூட ஓர் ஆள் வேண்டும் என்பதால் ஒரு பயணத்துக்கு இரண்டு பேரின் கூலி போகும். 2025–26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வைத்த நாள் கூலி 336 ரூபாய். இரண்டு பேர் ஐந்து முறை போய் வந்தால் 3,360 ரூபாய் கூலி இழப்பு. இன்னும் மருந்துக் கணக்கே தொடங்கவில்லை.

இரண்டு வகை மருந்து

மருந்தைப் பற்றி நம் மக்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எம்.எஸ். நோய்க்கு இரண்டு வகை மருந்துகள் இருக்கின்றன. முதல் வகை, தாக்குதல் வந்தபோது கொடுப்பது. மீத்தைல் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை மூன்று முதல் ஐந்து நாள் டிரிப்ஸில் ஏற்றுவார்கள். விலை அதிகமில்லை, அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். கண்ணும் காலும் சீக்கிரம் தேறும். தேறியதும் நோய் போய்விட்டது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நோய் போகவில்லை. அந்தத் தாக்குதல் மட்டும்தான் தணிந்திருக்கிறது.

இரண்டாம் வகை, அடுத்த தாக்குதலை வரவிடாமல் தடுப்பது. இதுதான் காலைக் காக்கும் மருந்து. இதை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். போன நரம்பை இது மீட்டுத் தராது. இருக்கிற நரம்பைக் காக்கும். ஆகவே எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தாமதமான ஓர் ஆண்டைப் பிறகு எத்தனை லட்சம் செலவழித்தும் திரும்ப வாங்க முடியாது.

இந்த வகையில் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா ஊசிக்கு 1993-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னர் கிளாட்டிராமர் ஊசி வந்தது. டைமெத்தில் ஃபூமரேட், ஃபிங்கோலிமோட் போன்ற விழுங்கும் மருந்துகள் வந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் மருந்துகளும் வந்தன. ஊசிகளில் பலவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தின் ஊசி என்றால் ஒரு மாதச் செலவே பல்லாயிரம் ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் பொதுப்பெயர் மாத்திரைகள் வந்த பிறகு செலவு குறைந்தது. குறைந்த அந்தத் தொகையும் மாதாமாதம், ஆண்டாண்டாகக் கட்ட வேண்டியது.

எதிரே நம் வருமானத்தை வைத்துப் பார்ப்போம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அந்த உச்ச வரம்பில் இருக்கிற குடும்பத்துக்கே மாதம் 10,000 ரூபாய்தான். 2025–26-இல் நூறு நாள் வேலையில் நூறு நாளும் கிடைத்திருந்தாலும் ஆண்டுக்கு 33,600 ரூபாய்தான். இந்தக் காசில் நோயாளியின் மருந்தை வாங்கினால் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. விளைவு நமக்குத் தெரிந்ததுதான். இரண்டு மாதம் வாங்குவார்கள், மூன்றாம் மாதம் நிறுத்துவார்கள். தோடு அடகுக்குப் போகும், பிறகு குழுக் கடன், பிறகு வட்டிக்காரர். கடன் நெருக்கடியில் விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2025-இல் இதே மாவட்டத்தின் பள்ளிபாளையத்திலிருந்துதான் வந்தது. கடன் ஓர் ஏழையின் உடம்புக்குள் எவ்வளவு தூரம் கைவிடும் என்பதை நாமக்கல்லுக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் போட்ட கோடு

இந்த நோயாளியைச் சட்டம் அறவே மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் 7 வகை மட்டுமே இருந்தது, எம்.எஸ். அதில் இல்லை. 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகையாக்கியது. நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகளில் ஒன்றாக எம்.எஸ். பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. அச்சட்டத்தின் 25-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு, குறிப்பாகக் கிராமப்புறங்களில், இருப்பிடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவம் தர அரசும் உள்ளாட்சியும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. குடும்ப வருமான வரம்பை அரசு அறிவித்துக்கொள்ளலாம். 24-ஆம் பிரிவு இலவச மருந்தைப் பற்றியும் பேசுகிறது.

தமிழ்நாடு அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையிலும் எம்.எஸ். நோயாளிக்கு இடம் உண்டு. 2023 ஜனவரி முதல் அது மாதம் 2,000 ரூபாய். இது கிடைக்கும் என்பதே தெரியாத குடும்பங்கள் இருக்கும் என்பதால் இங்கு அழுத்திச் சொல்கிறோம். பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. ஒரு தாளில் தண்டுவட மரப்பு நோய் என்று இருக்கும், இன்னொரு தாளில் திசு பன்முகக் கடினமாதல் என்று இருக்கும், மருத்துவர் சீட்டில் எம்.எஸ். என்று மட்டும் இருக்கும். மூன்றும் ஒன்றே என்று விண்ணப்பிக்கிறவரும் அறிய வேண்டும், வாங்கி வைக்கிற எழுத்தரும் அறிய வேண்டும். தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் நாம் ‘மரப்பு’ என்ற பெயரையே விரும்புவோம். ‘காலு மரத்துப்போச்சுங்க’ என்று நோயாளி தன் வாயால் சொல்லும் சொல்லுக்கு அது பக்கத்தில் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், அரசு உதவிகளின் வாசலில் 40 சதவீதம் என்று ஒரு கோடு இருக்கிறது. 40 சதவீதப் பாதிப்பு என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால்தான் பெரும்பாலான சலுகைகள். போலியோவில் கால் சூம்பியவருக்கு இந்தக் கோடு ஓரளவு பொருந்தும். அவருடைய பாதிப்பு மாறாது. எம்.எஸ். அப்படியல்ல. முதல் ஆண்டில் நோயாளி நடந்துதான் வருவார். சான்று வாங்கப் போகும் நாளில் நோய் தணிந்திருந்தால் ஒன்றுமே இல்லாதவர்போல் தெரிவார். அவருக்குச் சதவீதம் குறைவாகத்தான் வரும். ஆனால் மருந்து அதிகம் வேலை செய்வது அந்தக் காலத்தில்தான். 40 சதவீதத்தைத் தாண்டி, கையில் கோலோடு வரும்போது உதவித்தொகை கிடைக்கும். மருந்து காத்திருக்க வேண்டிய நரம்பு அதற்குள் போயிருக்கும். கால் இருக்கும்போது மருந்து இல்லை, கால் போன பிறகு 2,000 ரூபாய். இதுதான் இன்றைய ஏற்பாடு.

25-ஆம் பிரிவில் இந்த 40 சதவீதக் கோடு இல்லை என்பதைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பிரிவு பொதுவாக மாற்றுத்திறனாளிகள் என்றுதான் சொல்கிறது. உதவித்தொகைக்கு வைத்த கோட்டை மருந்துக்கும் இழுக்கக் கூடாது என்று கேட்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

காப்பீட்டு அட்டையிலும் இதேபோல் ஒரு சந்து உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பது பெரிய தொகை. ஆனால் அது அடிப்படையில் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான ஏற்பாடு. வீட்டில் இருந்தபடி மாதாமாதம் விழுங்கும் மாத்திரையை அது பொதுவாகச் சுமப்பதில்லை. 2021-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் பட்டியலிலும் எம்.எஸ். இல்லை. அரிய நோய் என்று சொல்ல எண்ணிக்கை கூடுதல். சர்க்கரை நோய்போல வீடு தேடி மருந்து கொடுக்க எண்ணிக்கை குறைவு. நடுவில் விழுந்த நோய் இது.

இந்த மாவட்டம் ஏற்கெனவே கண்ட வழி

‘இவ்வளவு விலையுள்ள மருந்தை ஆயுள் முழுக்க அரசு எப்படிக் கொடுக்கும்’ என்று கேட்பவர்களுக்கு நாமக்கல்லின் சொந்த வரலாற்றையே பதிலாகச் சொல்லலாம். லாரித் தொழிலால் பெயர் பெற்ற இந்த மாவட்டம் ஒரு காலத்தில் எச்.ஐ.வி. தொற்றாலும் பெயர் பெற்றது. அப்போது கூட்டு மருந்துக்கு மேலைநாடுகளில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2001 பிப்ரவரியில் சிப்ளா என்ற இந்திய நிறுவனம் அதே மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. இன்று நாமக்கல்லில் அரசு மையத்துக்குப் போய் மருந்தை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பேரன் பேத்தி எடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அது தானாக நடக்கவில்லை. இந்திய நிறுவனங்களுக்கு மருந்து தயாரிக்கும் திறன் இருந்தது. நோயாளிகள் சங்கமாகக் கூடி, வெட்கத்தை விட்டு, மேடையேறிக் கேட்டார்கள். அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்தது. இந்த மூன்றும் சேர்ந்தபோது எட்டாத மருந்து கைக்கு எட்டியது.

எம்.எஸ். விஷயத்தில் முதல் படி ஏற்கெனவே இருக்கிறது. ரிட்டுக்சிமாப் என்று ஒரு மருந்து. ரத்தப் புற்றுநோய்களுக்காக வந்தது. 2007-இல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இதன் இந்திய வடிவத்தை மலிவாகக் கொண்டுவந்தது. இன்னும் சில இந்திய நிறுவனங்களும் தயாரிக்கின்றன. இதே மருந்து எம்.எஸ். தாக்குதல்களையும் தடுக்கிறது என்று தெரியவந்தது. சுவீடனில் 200 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. இரண்டு ஆண்டில் ரிட்டுக்சிமாப் பெற்றவர்களில் 100-க்கு 3 பேருக்கும், டைமெத்தில் ஃபூமரேட் மாத்திரை பெற்றவர்களில் 100-க்கு 16 பேருக்கும் நோய் மறுபடி தாக்கியது. பணக்கார நாடான சுவீடனிலேயே எம்.எஸ். நோய்க்கு அதிகம் பயன்படுவது இந்த மருந்துதான்.

2019-இல் எம்.எஸ். மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கக் கேட்டபோது உலக சுகாதார நிறுவனம் சேர்க்கவில்லை. 2023 ஜூலையில் சேர்த்தது. ரிட்டுக்சிமாப், கிளாட்டிராமர், கிளாட்ரிபின் என்று மூன்று மருந்துகள். எம்.எஸ். நோய்க்கான மருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. நோயாளர் அமைப்புகள் விடாமல் கேட்டதால் வந்தது அது. இந்தியாவின் 2022 அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ரிட்டுக்சிமாப் இருக்கிறது. ஆனால் புற்றுநோய் மருந்துகளின் வரிசையில் இருக்கிறது. நாட்டின் பெரிய நரம்பியல் மையங்களில் எம்.எஸ். நோயாளிகளுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். எருமப்பட்டிக்காரருக்கு அது மாவட்ட அளவில் கிடைக்க வேண்டும் என்பதுதான் நம் கேள்வி.

இந்த மருந்தில் நமக்குச் சாதகமான செய்தி ஒன்றும் இருக்கிறது. பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மருத்துவமனையில் படுக்கவைத்து, டிரிப்ஸில் மெதுவாக ஏற்றுவார்கள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். மாதாமாதம் கடைக்குப் போக வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை நாமக்கல் போய்ச் சேர்ந்தால் போதும். படுக்கையில் சேர்த்துக் கொடுப்பது என்பதால் காப்பீட்டுத் திட்டத்தின் அமைப்புக்கும் பொருந்தும். தொடங்குமுன் காசநோய், மஞ்சள்காமாலை பி வகை ஆகியவற்றுக்குச் சோதனை செய்ய வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைவதால் தொற்று வராமல் கண்காணிக்க வேண்டும். யாருக்கு எந்த மருந்து என்பதை நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் போய்க் கேட்கக் கூடாது.

கொள்முதலுக்கும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பொதுப்பெயர் மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்புவதில் நாட்டுக்கே முன்மாதிரி. எம்.எஸ். நோய்க்காக இத்தனை பேருக்கு வேண்டும் என்ற கணக்கு அதன் கைக்குப் போக வேண்டும்.

எத்தனை பேர்?

அந்தக் கணக்குத்தான் இல்லை. மங்களூருவில் நடந்த ஆய்வு ஒன்று லட்சத்துக்கு 8 பேர் அளவில் எம்.எஸ். இருப்பதாக 2014-இல் சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படி நாமக்கல் மாவட்ட மக்கள்தொகை 17 லட்சத்து 26 ஆயிரம். அதே விகிதத்தை வைத்தால் மாவட்டத்தில் 140 பேர் அளவில் இருக்கலாம். மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஆக முப்பது பேர் அளவில் நம் காலனிகளிலும் தெருக்களிலும் இருக்கக்கூடும். இது தோராயம்தான். ஆனால் முப்பது என்ற எண் சொல்வது இதை: ஒவ்வொருவரும் தனித்தனி ஊரில், மற்றவர் இருப்பதே தெரியாமல், தனக்கு மட்டும் வந்த சாபம் என்று கிடப்பார். முப்பது பேருக்கு எந்தக் கட்சியும் கொடி பிடிக்காது. அதனால்தான் இதை இந்தப் பத்தியில் எழுதுகிறோம்.

சென்னையில் வேலை பார்க்கும் நடுத்தரக் குடும்பத்து எம்.எஸ். நோயாளிக்கும் துன்பம் உண்டு, அதைச் சிறுமைப்படுத்தவில்லை. அவர்களில் பலர் 1985-இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்தோடு தொடர்பில் இருக்கிறார்கள். சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. விற்பதற்கு ஒரு மனையாவது இருக்கும். நிலமில்லாத அருந்ததியர் வீட்டுப் பெண்ணுக்கு விற்க எதுவும் இல்லை. முன்பணம் வாங்கிய வேலையில் இருப்பவர் மருத்துவமனைக்குப் போகவே முதலாளியிடம் அனுமதி கேட்க வேண்டும். நடக்க முடியாத மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கமும் சேர்ந்துகொண்டால், நோயாளி மருத்துவரின் கண்ணிலேயே படாமல் போகிறார்.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த காலத்தில்தான் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான அறிக்கை உருவானது. 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. நோய் வந்த தொழிலாளி தன் பையைப் பார்க்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. இன்று மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ள, இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கிறது. அந்த வேலி, கரும்பு வெட்டும் கூலியையும் செங்கல் சூளைத் தொழிலாளியையும் இன்னும் உள்ளே சேர்க்கவில்லை. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள வீட்டில் எம்.எஸ். நோயாளி இருந்தால் அந்த வழியை முதலில் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

குடும்பங்கள் செய்ய வேண்டியது: இளவயதில் ஒரு கண் மங்கினாலோ, கால் நாள்கணக்கில் மரத்துப்போனாலோ, அது தானாகச் சரியானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சீட்டு, ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரப்படுத்துங்கள். தாக்குதல் வந்த தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சான்றளிக்கும் மருத்துவக் குழு நடந்து வரும் ஆளை மட்டும் பார்க்கும். இந்த நோட்டு முந்தைய மாதங்களைக் காட்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் எடுத்துவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறைப் பயிற்சி தருவார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

மாணவர்கள் செய்ய வேண்டியது: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மூன்று கேள்விகள் அனுப்புங்கள். மாவட்டத்தில் தண்டுவட மரப்பு நோய் என்ற தலைப்பில் உதவித்தொகை பெறுவோர் எத்தனை பேர்? நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று ஆண்டுகளில் இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்றோர் எத்தனை பேர்? அவர்களுக்கு என்னென்ன தடுப்பு மருந்துகள் கொடுக்கப்பட்டன? பதில் வந்தால் கணக்குக் கிடைக்கும். பதிலே இல்லை என்றால், அதுவும் ஒரு கணக்குத்தான்.

அரசிடம் நாம் கேட்பது நான்கு. ரிட்டுக்சிமாப் உள்ளிட்ட எம்.எஸ். மருந்துகளை இந்த நோய்க்கென்றே மருத்துவப் பணிகள் கழகப் பட்டியலில் சேர்த்து, மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஏற்ற ஏற்பாடு செய்ய வேண்டும். நோய் உறுதியான நாளிலிருந்தே மருந்து தர வேண்டும். அதற்கு 40 சதவீதம் கேட்கக் கூடாது. காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு மாத டிரிப்ஸைத் தெளிவாகச் சேர்க்க வேண்டும். 2024-இல் இயற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தின் நிதியிலிருந்து, மருந்துக்காக மாவட்டத் தலைநகர் வரும் பட்டியல் சாதி, பழங்குடி நோயாளிக்கும் உடன் வருபவருக்கும் பயணச் செலவும் கூலி இழப்பும் தர வேண்டும். கொல்லிமலையிலிருந்து இறங்கி வரும் நோயாளிக்கு இது இல்லாமல் மற்ற மூன்றும் பயன்படாது.

மே 30 உலக எம்.எஸ். நாள். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். திங்கள்கிழமைதோறும் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. உங்கள் தெருவில் இந்த நோய் என்று சீட்டு வைத்திருப்பவர் ஒருவர் இருந்தால், அடுத்த திங்களன்று அவரோடு ஒருவர் துணைக்குப் போய், இந்த நான்கையும் மனுவாக எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வாருங்கள்.